மேல்தாடையில் எலும்பு போதவில்லை என்றால்: டைரக்ட் சைனஸ் லிஃப்டா, இன்டைரக்டா, குட்டை இம்ப்ளாண்டா?

மேல்வரிசைக் கடைவாய்ப்பல்லை எடுத்து நாலைந்து வருடம் கழித்து இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கப் போகிறவர்களில் பலருக்கு முதல் கிளினிக்கில் கிடைக்கிற பதில், "எலும்பு பத்தாது, சைனஸ் லிஃப்ட் பண்ணணும்" என்பது. மேல்தாடைக்கு மேலே இருக்கிற சைனஸ் என்ற காற்றறையின் தரையைத் தூக்கி, அடியில் எலும்பு உருவாக இடம் செய்வதுதான் சைனஸ் லிஃப்ட். சந்தேகத்துக்கு இன்னொரு இடத்தில் கேட்டால், "எதுக்கு அதெல்லாம், குட்டை இம்ப்ளாண்டே போதும்" என்பார்கள். மூன்றாவது இடத்தில், "டைரக்டா திறக்க வேண்டாம், இன்டைரக்டா தூக்கிடலாம், தையல் கூட அதிகம் இருக்காது" என்பார்கள். மூன்று பேருமே பொய் சொல்லவில்லை. மூவர் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆனால் அந்த ஆதாரம் எந்த வாய்க்குப் பொருந்தும் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லாமல் முறையின் பெயரை மட்டும் சொன்னால் கேட்பவர் குழம்பத்தான் செய்வார்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சைனஸுக்குக் கீழே எத்தனை மில்லிமீட்டர் எலும்பு மிச்சம் இருக்கிறது என்பதுதான் முக்கால்வாசி முடிவைத் தீர்மானிக்கிறது. சின்னதாகத் திறக்கும் அறுவை என்பதாலேயே அது பாதுகாப்பான அறுவை ஆகிவிடாது. இந்த விஷயத்தில் சில நேரம் நேர் எதிர்தான் உண்மை.

அங்கே மட்டும் ஏன் எலும்பு குறைகிறது

மூக்கின் இருபுறமும் கன்ன எலும்புக்குப் பின்னால் காற்று நிரம்பிய ஒரு அறை இருக்கிறது. மேக்ஸிலரி சைனஸ் என்பது அதுதான். பெரியவர்களுக்குச் சராசரியாக 12 முதல் 15 மில்லி கொள்ளளவு. மேல்கடைவாய்ப்பற்களின் வேர் நுனிகள் இந்த அறையின் தரையை ஒட்டியே நிற்கும்; சிலருக்கு வேர் தரைக்குள்ளேயே துருத்திக்கொண்டிருக்கும். பல் போனதும் இரண்டு பக்கமிருந்தும் நஷ்டம். கீழே, மெல்லும் வேலை இல்லாமல் போன தாடை எலும்பு கரைகிறது. மேலே, சைனஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. கீழ்த்தாடையில் இந்த இரட்டை நஷ்டம் இல்லை. அதனால்தான் ஒரே நாளில் மேலும் கீழும் பல் எடுத்தவருக்குக்கூட, கீழே இம்ப்ளாண்ட் சுலபமாக வைக்க முடியும்போது மேலே இவ்வளவு பேச்சு நடக்கிறது.

அறையின் உள்பக்கம் முழுக்க ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது. ஆரோக்கியமாக இருந்தால் பெரும்பாலும் 1 மி.மீ.-க்கும் குறைவான தடிமன். அதன் மேலுள்ள நுண்மயிர்கள் சளியை மேல்நோக்கித் தள்ளி, மூக்குக்குள் திறக்கும் ஒரு சிறு துவாரத்துக்குக் கொண்டுபோகின்றன. அந்தத் துவாரம் தரையில் இல்லை, மேலே கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சைனஸ் லிஃப்ட் என்று கேட்டதும் எல்லோருக்கும் வரும் பயம் ஒன்று உண்டு: "எனக்கு ஏற்கெனவே சளி பிடிக்கும், இதனால் சைனஸ் தொல்லை வந்துவிடுமா?" தரையை 8, 10 மி.மீ. உயர்த்தினாலும் மேலேயுள்ள வடிகால் அடைபடாது என்பதால்தான் இந்த அறுவையே சாத்தியமாகிறது. துவாரம் முன்பே அடைத்திருந்தால், அறை முழுக்கச் சளி கட்டியிருந்தால், அது வேறு கதை. அப்போது முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். இம்ப்ளாண்ட் காத்திருக்கலாம்.

இதையெல்லாம் ஓபிஜி எக்ஸ்ரேயை (இரண்டு தாடையும் ஒரே படத்தில் தெரிவது) வைத்து முடிவு செய்ய முடியாது. அதில் உருவம் பெரிதாகத் தெரியும், அகலம் தெரியவே தெரியாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் வேண்டும். ரிப்போர்ட்டில் எலும்பின் உயரம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைவிட மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, அறைக்கு நடுவே குறுக்குச் சுவர் இருக்கிறதா என்பது. அண்டர்வுட் என்பவர் 1910-லேயே இதை விவரித்துவிட்டார். சுமார் நான்கில் ஒரு சைனஸில் இது இருக்கும், சவ்வு கிழிவதும் பெரும்பாலும் இங்கேதான். இரண்டாவது, பக்கச் சுவருக்குள் ஓடும் ரத்தக்குழாய். பலருக்கு நூல் மாதிரி மெல்லியது, கவலை இல்லை, 2 மி.மீ.-க்கு மேல் தடித்திருந்தால் ஜன்னல் வெட்டும் இடத்தை மாற்ற வேண்டியிருக்கும். மூன்றாவது, சவ்வின் தற்போதைய நிலை: தடித்திருக்கிறதா, நீர்க்கொப்புளம் போல ஏதாவது இருக்கிறதா, மேலே துவாரம் திறந்திருக்கிறதா. ஸ்கேன் எடுக்கும்போதே துவாரம் வரை தெரியும்படி எடுக்கச் சொல்ல வேண்டும். பல கிளினிக்குகளில் செலவைக் குறைக்கப் பல் பகுதியை மட்டும் சின்னதாக எடுத்துக் கொடுப்பார்கள். அதில் கூரை தெரியாது.

டைரக்ட்: பக்கச் சுவரில் ஜன்னல்

அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்த ஹில்ட் டேட்டம் 1970-களின் நடுவில் தொடங்கி வைத்தது இது. அச்சில் முதலில் வந்தது பாய்ன், ஜேம்ஸ் இருவரின் 1980-ஆம் ஆண்டுக் கட்டுரை. அவர்கள் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையோடு எலும்பை எடுத்து சைனஸ் தரையில் வைத்தார்கள். பல்லுக்காக இடுப்பில் ஒரு அறுவை! இன்று ஒன்றிரண்டு பல்லுக்கு அதை யாரும் செய்வதில்லை.

இப்போது நடப்பது இதுதான். மரத்துப்போகும் ஊசி மட்டும் போதும், முழு மயக்கம் தேவையில்லை. ஈறைக் கன்னத்துப் பக்கமாகப் பிரித்து ஒதுக்கினால் சைனஸின் வெளிச்சுவர் தெரியும். வைரத்தூள் பதித்த உருண்டை முனையாலோ, பீஸோ என்ற அதிர்வுக் கருவியாலோ அதில் ஒரு நீள்வட்டக் கோடு போட்டு எலும்பைத் தேய்த்துக்கொண்டே வருவார்கள். எலும்பு மெலிய மெலிய, வெள்ளைக்கு அடியில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிய ஆரம்பிக்கும். சவ்வு அருகில் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம் அதுதான். கோட்டை முடித்து, வளைந்த சின்னக் கருவிகளால் சவ்வை முதலில் ஓரங்களிலிருந்தும் பிறகு தரையிலிருந்தும் பிரிப்பார்கள். கருவியின் முனை எப்போதும் எலும்பைத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், சவ்வைத் தள்ளக் கூடாது. நோயாளி மூச்சு விடும்போது பிரிந்த சவ்வு மேலும் கீழும் லேசாக அசையும். அந்த அசைவைப் பார்த்தால் அறுவை செய்பவருக்குப் பாதி நிம்மதி. சவ்வு முழுதாக இருக்கிறது என்று அர்த்தம். பயிற்சி வகுப்புகளில் இதைப் பச்சை முட்டையில் செய்யச் சொல்வார்கள். முட்டையின் மேலோட்டை மட்டும் வெட்டி எடுத்து உள்ளே இருக்கிற சவ்வு கிழியாமல் வர வேண்டும். பெரும்பாலோருடைய முதல் சில முட்டைகள் ஒழுகிவிடும்.

சவ்வுக்கும் தரைக்கும் நடுவே உருவான இடத்தில் எலும்புத்தூளை நிரப்பி, ஜன்னலைக் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன படலத்தால் மூடித் தைத்துவிடுவார்கள். மிச்சமுள்ள எலும்பு 4, 5 மி.மீ. இருந்து இம்ப்ளாண்ட் ஆடாமல் நின்றால் அன்றைக்கே அதையும் வைத்துவிடலாம். நான்கு முதல் ஆறு மாதம் கழித்துப் பல் மாட்டலாம். அதைவிடக் குறைவென்றால் முதலில் எலும்பு மட்டும். ஆறு முதல் ஒன்பது மாதம் காத்திருந்து பிறகு இம்ப்ளாண்ட். மொத்தம் ஒரு வருடத்தைத் தொட்டுவிடும். இங்கே அவசரப்பட்டால் என்ன ஆகும் என்றால், பிடிமானம் இல்லாத இம்ப்ளாண்ட் சைனஸுக்குள்ளேயே போய் விழுந்துவிடும். அதை எடுக்க இன்னொரு அறுவை.

பலன் எப்படி? 1996-இல் அமெரிக்காவில் கூடிய ஒரு கருத்தொருமிப்பு மாநாட்டில் 1,007 சைனஸ் கிராஃப்ட்டுகளில் (தூக்கி எலும்பு நிரப்பிய சைனஸ்கள்) வைத்த 2,997 இம்ப்ளாண்டுகளின் கணக்கை அலசினார்கள். மூன்று வருடமாவது பயன்பாட்டில் இருந்தவற்றில் சுமார் 90 சதவீதம் வெற்றி. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசிய பியட்டுர்சன் குழுவின் 2008-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்விலும் மொத்தமாகப் பார்த்தால் அதே 90 சதவீதம்தான். ஆனால் அதற்குள் இன்னொரு எண் ஒளிந்திருக்கிறது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளாண்டும், ஜன்னலை மூடும் படலமும் சேர்ந்த இடங்களில் மூன்று வருட ஆயுள், அதாவது மூன்று வருடம் கழித்தும் நின்றவை, 98 சதவீதத்தைத் தாண்டியது. இன்று விற்கிற இம்ப்ளாண்டுகள் கிட்டத்தட்ட எல்லாமே சொரசொரப்பானவை. அதனால் பழைய 90-ஐ நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது சவ்வு கிழிவதைப் பற்றி என்று நினைப்பீர்கள். அதே ஆய்வில் சராசரியாக 19.5 சதவீதம், அதாவது ஐந்தில் ஒன்று. கேட்கக் கலக்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஜன்னல் முறையில் கிழிசல் கண்ணெதிரே நடக்கிறது. சின்னதென்றால் சவ்வை இன்னும் கொஞ்சம் சுற்றிலும் தளர்த்தி, மேலே கொலாஜன் படலத்தை வைத்து மூடிவிட்டு வேலையைத் தொடரலாம். ஸ்பெயினில் ஹெர்னாண்டஸ்-அல்ஃபாரோ குழு 2008-இல் இதைக் கணக்கெடுத்தது. கிழிசல் 5 மி.மீ.-க்குள் இருந்தால் இம்ப்ளாண்ட் பிழைப்பது 97 சதவீதம். 5 முதல் 10 மி.மீ. என்றால் 92, 10-ஐத் தாண்டினால் 74. எனவே கிழிந்ததா இல்லையா என்பதைவிட எவ்வளவு கிழிந்தது, அப்போது என்ன செய்தார்கள் என்பதே முக்கியம். பெரிய கிழிசலில் மூடித் தைத்துவிட்டுச் சில மாதம் கழித்து வரச் சொல்கிற மருத்துவரைப் பார்த்து, "இவருக்குக் கை வரவில்லை" என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர் நல்லவர்.

பீஸோ கருவியைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தாலியில் வெர்செல்லோட்டி 2001-இல் அறிமுகப்படுத்தினார். அதிர்வால் எலும்பை வெட்டும், மென்மையான சவ்வை அவ்வளவு எளிதாக வெட்டாது. ஆரம்ப அறிக்கைகளில் கிழிசல் வெகுவாகக் குறைந்தது. பிறகு இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனைகளில் அந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதாக நிற்கவில்லை. ஏனென்றால் சவ்வு பெரும்பாலும் கிழிவது ஜன்னல் வெட்டும்போது அல்ல, கையால் பிரிக்கும்போது. "எங்களிடம் பீஸோ இருக்கிறது" என்று விளம்பரம் செய்தால், சரி, நல்ல கருவிதான். அதற்காகவே அந்த இடத்தைத் தேர்வு செய்ய வேண்டாம்.

இன்டைரக்ட்: கீழிருந்து தூக்குவது

ராபர்ட் சம்மர்ஸ் 1994-இல் வெளியிட்ட முறை. பக்கச் சுவரைத் தொடுவதே இல்லை. இம்ப்ளாண்டுக்காகப் போடும் அதே துளையைச் சைனஸ் தரைக்கு ஒன்றிரண்டு மி.மீ. முன்னால் நிறுத்திக்கொண்டு, மழுங்கிய முனையுள்ள ஆஸ்டியோடோம் என்ற கம்பியை உள்ளே வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டி, மிச்சத் தரையை மேலே தூக்குவார்கள். அதே துளை வழியாகக் கொஞ்சம் எலும்புத்தூளைச் செலுத்தி, இம்ப்ளாண்டையும் அதிலேயே வைத்துவிடலாம். வீக்கம் குறைவு, நேரம் குறைவு, செலவும் குறைவு. அடுத்த நாளே வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

எண்களும் அழகாக இருக்கின்றன. டான் குழுவின் 2008 தொகுப்பாய்வில் மூன்று வருட ஆயுள் 92.8 சதவீதம், சவ்வு கிழிவது 3.8 சதவீதம்தான். டைரக்டில் 19.5, இங்கே 3.8. பேச்சு முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. இரண்டு காரணங்கள்.

முதலாவது, இன்டைரக்ட் செய்த வாய்களில் பெரும்பாலும் எலும்பு ஏற்கெனவே ஓரளவு இருந்தது. தூக்க வேண்டியது 3, 4 மி.மீ. டைரக்ட் செய்யப்பட்டவர்களுக்கு அதைவிட மோசமான நிலை, தூக்க வேண்டியது இரு மடங்கு. சுலபமான கேஸையும் கஷ்டமான கேஸையும் பக்கத்தில் வைத்து சதவீதத்தை ஒப்பிட்டால் எந்த முறை ஜெயிக்கும் என்று கேட்கவே வேண்டாம். இரண்டாவது காரணம் எனக்கு இன்னும் உறுத்தலானது: இந்த முறையில் சவ்வைக் கண்ணால் பார்க்க முடியாது. கிழிந்ததா என்று தெரிந்துகொள்ள மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதச் சொல்லிக் காற்றுக்குமிழ் வருகிறதா என்று பார்ப்பார்கள். சின்னக் கிழிசலை அது காட்டாமலும் போகலாம். பதிவான 3.8 என்பது கண்டுபிடிக்கப்பட்ட கிழிசல்களின் எண்ணிக்கை. பதிவாகாதவற்றை யாரும் எண்ணவில்லை.

இதே முறைக்குள் இருக்கிற எல்லையை ரோசன் குழு 1999-லேயே காட்டிவிட்டது. மிச்ச எலும்பு 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் இம்ப்ளாண்ட் பிழைத்தது 96 சதவீதம். 4 அல்லது அதற்குக் கீழே என்றால் 85.7. இந்த ஒரு வரியை நான் எந்தத் தொகுப்பாய்வையும்விட அதிகம் நம்புகிறேன். கிளினிக்கில் அன்றாடம் பார்ப்பதோடு அது ஒத்துப்போகிறது. 3 மி.மீ. எலும்பில், "திறக்கவே வேண்டாம்" என்று சொல்லிக் கீழிருந்து தூக்கப் பார்ப்பது துணிச்சல். பலன் கிடைத்தால் பெயர் மருத்துவருக்கு, கிடைக்காவிட்டால் நஷ்டம் நோயாளியின் சைனஸுக்கு.

சுத்தியல் தட்டு பற்றியும் சொல்லியாக வேண்டும். வலிக்காது, ஆனால் மண்டைக்குள் கேட்கும். அசௌகரியம்தான். அபூர்வமாகச் சிலருக்கு அந்த அதிர்வில் உள்காதின் நுண்கற்கள் இடம் மாறி, எழுந்து உட்கார்ந்ததும் தலை சுழலும், படுக்கையில் புரண்டாலும் சுழலும். பயமுறுத்தும், ஆனால் ஆபத்தில்லை. தலையைக் குறிப்பிட்ட திசைகளில் திருப்பும் எப்லி பயிற்சியில் சரியாகிவிடும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், "பல் அறுவைக்கு அடுத்த நாளிலிருந்து" என்று சொல்ல மறக்காதீர்கள். இதைத் தவிர்க்கத்தான் தட்டாமல் தூக்கும் கருவிகள் வந்தன. தண்ணீர் அழுத்தத்தால் சவ்வைத் தூக்கும் கொரிய நிறுவனமான ஆஸ்டெமின் காஸ் கிட் ஒரு வகை. பின்னோக்கிச் சுழன்று எலும்பை வெட்டாமல் பக்கத்தில் நெருக்கித் தள்ளும், ஹுவெய்ஸ் உருவாக்கிய டென்ஸா பர்கள் இன்னொரு வகை. தட்டுவதைவிட இவை நிச்சயம் மேல். ஆனாலும் சவ்வு கண்ணுக்குத் தெரியாது என்ற அடிப்படைக் குறை மாறவில்லை.

தூக்காமலே வைத்தால்?

1980-களில் 10 மி.மீ.-க்குக் குறைந்த இம்ப்ளாண்ட் என்றால் மருத்துவர்கள் தயங்குவார்கள். அந்தக் காலத்து வழவழப்பான டைட்டானியத்தில் குட்டையானவை நிஜமாகவே அதிகம் தோற்றன. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிய பிறகு நிலைமை மாறியது. இப்போது 8 மி.மீ. என்பது சாதாரணம், 6 மி.மீ.-யும் தாராளமாகக் கிடைக்கிறது.

சூரிச்சைச் சேர்ந்த தோமா உள்ளிட்ட பல மையக் குழு, மிச்ச எலும்பு 5 முதல் 7 மி.மீ. உள்ளவர்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பகுதிக்கு வெறும் 6 மி.மீ. இம்ப்ளாண்ட், இன்னொரு பகுதிக்கு சைனஸ் லிஃப்ட் செய்து 11 முதல் 15 மி.மீ. வரை நீளமானவை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தால் பிழைத்திருந்தது குட்டையில் 98.5, நீளமானதில் 100 சதவீதம். நடைமுறையில் சமம். நேரமும் செலவும் குட்டை இம்ப்ளாண்டில் குறைவு. அறுவைக்குப் பிந்தைய அவஸ்தையும் குறைவு. இந்த ஒரே வரம்புக்குள், 5 முதல் 7 வரை எலும்பு இருப்பவருக்கு, டைரக்ட் சைனஸ் லிஃப்டை முதல் யோசனையாகச் சொல்வது இன்று எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனால் குட்டை இம்ப்ளாண்டைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் முடியாது. 6 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்தவற்றைப் பற்றிய 2018-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு ஒன்றில் பிழைத்தது சராசரியாக 96 சதவீதம், நீளமானவற்றுக்கு 98. வித்தியாசம் சிறிது. ஆனால் குட்டையானவற்றில் ஆய்வுக்கு ஆய்வு ஏற்ற இறக்கம் அதிகம். ஒன்றில் 100, இன்னொன்றில் 86.7. வேறு மாதிரிச் சொன்னால், கை தப்பினால் மன்னிக்க இடம் குறைவு. நீளமான இம்ப்ளாண்டைச் சுற்றி 2 மி.மீ. எலும்பு காலப்போக்கில் கரைந்தாலும் தாங்கும். 6 மி.மீ.-யில் 2 போனால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர், ஈறு நோய் வந்து பற்களை இழந்தவர், பல் துலக்குவதில் சோம்பல் உள்ளவர், இவர்களுக்கு நான் யோசிப்பேன். பக்கத்தில் பக்கமாக இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து இணைக்க முடிந்தால் யோசனை கொஞ்சம் தளரும்.

ஆக, என் கணக்கு இப்படிப் போகும். 8 மி.மீ.-க்கு மேல் இருந்தால் சைனஸைப் பற்றிப் பேச்சே வேண்டாம். 6, 7 என்றால் குட்டை இம்ப்ளாண்ட், அல்லது ஒன்றிரண்டு மி.மீ. இன்டைரக்டாகத் தூக்கி 8 மி.மீ. வைப்பது, இரண்டில் எது என்பதை மருத்துவரின் கைப்பழக்கத்துக்கு விட்டுவிடலாம். 5-இல் இன்டைரக்ட். 4-க்குக் கீழே டைரக்ட்தான், சுற்றி வளைக்காமல். 4-க்கும் 5-க்கும் நடுவே இருப்பவர்கள்தான் உண்மையில் இரண்டாவது கருத்துக் கேட்க வேண்டியவர்கள். அங்கே எலும்பின் அடர்த்தி, சைனஸின் அகலம், குறுக்குச் சுவர் எல்லாம் கணக்கில் வரும்.

எலும்புத்தூள் எது

கிளினிக்கில் இதைக் கேட்பவர்கள் குறைவு, கேட்க வேண்டும். உலகில் மிக அதிகம் ஆராயப்பட்டது மாட்டெலும்பிலிருந்து புரதமெல்லாம் நீக்கித் தயாரிக்கும் துகள். சுவிட்சர்லாந்தின் பயோ-ஆஸ் அதில் பிரபலம். மெதுவாகக் கரையும் என்பதால் தூக்கிய உயரம் அப்படியே நிற்கும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இதில் வைத்த இம்ப்ளாண்டுகள் பிழைத்தது 95.6 சதவீதம், நோயாளியின் சொந்த எலும்பில் 92. சொந்த எலும்புதான் ஒசத்தி என்ற பழைய நம்பிக்கை இந்த இடத்தில் செல்லாது.

நம் ஊரில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. "டாக்டர், இது மாட்டெலும்பா?" என்று ஒருவர் அறுவை முடிந்து மூன்று மாதம் கழித்து இணையத்தில் படித்துவிட்டு வந்து கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். சைவ உணவுக்காரர்கள், மாட்டைப் புனிதமாக நினைப்பவர்கள், கொலாஜன் படலம் பன்றியிலிருந்தும் வரலாம் என்று தெரிந்தால் ஏற்காத முஸ்லிம்கள், எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டிய விஷயம் இது. பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் போன்ற செயற்கைத் துகள்கள் கிடைக்கின்றன. எதுவுமே வைக்காமலும் செய்யலாம். ஸ்வீடனில் லுண்ட்கிரன் குழு 2004-இல் காட்டியபடி, சவ்வைத் தூக்கி, உள்ளே நிற்கும் இம்ப்ளாண்டே கூடாரக் கம்பம் மாதிரி அதைத் தாங்கினால், கீழே உறைந்த ரத்தத்திலிருந்தே எலும்பு உருவாகிறது. உயரம் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். இம்ப்ளாண்ட் அன்றைக்கே உறுதியாக நிற்கும் அளவுக்கு எலும்பு இருந்தால்தான் முடியும். நம் ரத்தத்தைச் சுழற்றி எடுக்கும் பிஆர்எஃப் படலத்தையும் கூடவே சேர்ப்பார்கள். கெடுதல் இல்லை. அதற்குத் தனியாகப் பெரிய தொகை கேட்டால் மட்டும் யோசியுங்கள்.

மேல்வரிசையே இல்லாதவர்களுக்கு

அவர்களுக்கு இரண்டு பக்கமும் சைனஸைத் தூக்குவது மட்டுமே வழி அல்ல. பின்பக்க இம்ப்ளாண்டைச் சாய்த்து சைனஸின் முன்சுவரை ஒட்டி வைக்கும் வழி இருக்கிறது. லிஸ்பனில் மாலோ பிரபலப்படுத்திய நாலு இம்ப்ளாண்ட் முறை அதுதான். முன்பக்கமும் எலும்பு இல்லை என்றால் கன்ன எலும்பில் நங்கூரமிடும் ஸைகோமா இம்ப்ளாண்ட், பிரான்மார்க் உருவாக்கியது, 30 முதல் 50 மி.மீ. வரை நீளம். 2021-இல் கொரோனாவை அடுத்து வந்த கருப்புப் பூஞ்சையில் மேல்தாடையையே இழந்தவர்களில் சிலருக்கு இங்கே பல் திரும்பக் கிடைத்தது இந்த வகையில்தான். ஆனால் ஒரு பல், இரண்டு பல்லுக்கு இது தேவையே இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர், சிகரெட்டை விட முடியாதவர், எலும்பு அடர்த்திக்கு ஊசி போட்டுக்கொள்பவர், முகத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர், இவர்களெல்லாம் எந்த முறை என்பதற்கு முன்னால் இப்போது செய்யலாமா என்றே கேட்க வேண்டும். மருத்துவரிடம் கேட்க வேண்டியது: மி.மீ. எவ்வளவு, சவ்வு கிழிந்தால் என்ன செய்வீர்கள், எந்தத் தூள், இம்ப்ளாண்ட் அன்றைக்கேயா பிறகா. பில்லில் தூள், படலம், இம்ப்ளாண்ட், பல் நான்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

அறுவைக்குப் பின் இரண்டு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும்; ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது. விமானப் பயணம் இருந்தால் தேதியை முன்பே சொல்லிவிடுங்கள். நாதஸ்வரம், சங்கு ஊதுபவர்களும் கபாலபாதி செய்பவர்களும் எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளட்டும். அச்சடித்த அறிவுரைத் தாளில் இது இருக்காது. லேசாக மூக்கில் ரத்தம் கசிவதும் கன்னம் வீங்குவதும் சாதாரணம். ஒரு வாரம் கழித்துக் கெட்ட வாடையோடு ஒரு பக்க மூக்கில் சீழ் வந்தால், அல்லது தூள் துகள்கள் மூக்கு வழியாக வந்தால், அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் விற்பதில்லை. போன பல்லுக்கு இரண்டு பக்கத்துப் பற்களும் ஏற்கெனவே கேப் போட்டவை என்றால், அவற்றைத் தாங்கலாக வைத்து நடுவில் பல் கட்டும் பிரிட்ஜ் போட்டுவிட்டு சைனஸை நிம்மதியாக விட்டுவிடலாம். போனது கடைசிக்கு முந்தைய பல் அல்ல, கடைசிப் பல் மட்டும் என்றால், ஒன்றும் செய்யாமல் இருப்பதும் தப்பில்லை. நெதர்லாந்தில் கேய்சர் 1980-களிலிருந்தே காட்டியது அது: முன்பற்களும் சிறு கடைவாய்ப்பற்களும் நன்றாக இருந்தால் பெரும்பாலோர் திருப்தியாகவே சாப்பிடுகிறார்கள். ஒரே கவலை, கீழே இருக்கிற எதிர்ப்பல். தடுக்க ஆளில்லாமல் அது மெல்ல மேலே ஏறும். எல்லோருக்கும் இல்லை, எல்லோருக்கும் ஒரே வேகத்திலும் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்து, ஏறுகிறது என்று தெரிந்த பிறகு சைனஸைப் பற்றி யோசித்தாலும் நேரம் இருக்கிறது.